இழுத்தால் நிற்கும் கயிறு!

ஒரு தொழிலாளி நிற்கிறார். அவர் கையில் ஸ்பானர் இருக்கிறது. அவர் முன்னால், பாதி கட்டிய கார் ஒன்று மெல்ல நகர்ந்து வருகிறது.

அந்தக் காரில் ஒரு போல்ட்டை முடுக்க வேண்டும். அதுதான் அவர் வேலை. அதற்கு ஒரு நிமிட நேரம்தான் உண்டு. அதற்குள் அடுத்த கார் வந்துவிடும்.

இன்று போல்ட்டு கோணலாக ஏறிவிட்டது! கழற்றி மறுபடியும் போட வேண்டும். அதற்கு நேரம் போதாது.

அவர் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்குகிறது. அதை இழுத்தால் மணி அடிக்கும். விளக்கு எரியும். உடனே சரி செய்ய முடியாவிட்டால், வரிசையாக வரும் கார்கள் நின்றுவிடும். மற்றவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இழுக்கலாமா, வேண்டாமா?

இழுத்தால் மேலதிகாரி ஓடி வருவார். வந்து என்ன செய்வார்? "என்ன கோளாறு? வா, சேர்ந்து பார்க்கலாம்" என்பாரா? அல்லது, "வேலை தெரியாதவனே!" என்று கத்துவாரா?

அதைப் பொறுத்துத்தான் அந்தத் தொழிலாளி கயிற்றைத் தொடுவார்.

ஆட்களிடம் வேலை வாங்குவது எப்படி என்று எத்தனையோ புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சொல்லியிருப்பதில் பாதியை இந்த ஒரு கயிற்றைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அந்தக் கயிற்றின் கதைதான் இது. கட்டுக்கதை அல்ல. நடந்த கதை.

கெட்ட பெயர் எடுத்த ஆலை

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். அங்கே சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில் பிரிமாண்ட் என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு கார் ஆலை இருந்தது. 1960-களில் கட்டிய ஆலை.

ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய கார் கம்பெனி. பணத்துக்குக் குறைவில்லை. எந்திரங்களுக்கும் குறைவில்லை. ஆனால் பிரிமாண்ட் ஆலைக்கு மட்டும் கெட்ட பெயர்!

100 பேர் வர வேண்டிய இடத்தில் 80 பேர்தான் வருவார்கள். மற்ற 20 பேர் மட்டம்! திங்கட்கிழமை என்றால் இன்னும் மோசம். சில திங்கட்கிழமைகளில் ஆலையை ஓட்டவே ஆள் போதாது. எதிரே இருந்த மதுக்கடைக்குப் போய், அங்கே இருப்பவர்களை அழைத்து வருவார்களாம்!

வேலை நேரத்திலேயே குடிப்பார்கள். சூதாடுவார்கள். திடீர் திடீர் என்று வேலை நிறுத்தமும் நடக்கும்.

சிலர் வேண்டுமென்றே வேலையைக் கெடுப்பார்கள். கார்க் கதவின் உள்ளே காலி சோடாப் பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். காரை வாங்கியவர் ஓட்டும்போது 'கடகட' என்று சத்தம் வரும். எங்கிருந்து வருகிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது!

நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. எதற்கெடுத்தாலும் விசாரணை, தண்டனை. தொழிற்சங்கம் புகாருக்கு மேல் புகார் எழுதியது. ஆயிரக்கணக்கான புகார்கள் தீராமல் கிடந்தன.

யார் மேல் தப்பு? "ஆட்கள் சரியில்லை" என்றது நிர்வாகம். "நிர்வாகம் சரியில்லை" என்றார்கள் ஆட்கள்.

1982-ல் கம்பெனி ஆலையை இழுத்து மூடியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன.

'லைன் நிற்கக் கூடாது!'

அந்த ஆலையில் ஒரு சட்டம் இருந்தது. எல்லாச் சட்டத்துக்கும் மேலான சட்டம். 'லைன் நிற்கக் கூடாது!' என்பதுதான் அது.

லைன் என்றால் என்ன?

பழைய காலத்தில் கார் ஒரே இடத்தில் நிற்கும். ஆட்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு அதனிடம் வருவார்கள். 1913-ல் அமெரிக்காவில் ஹென்றி போர்டு அதைத் தலைகீழாக மாற்றினார். ஆட்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். கார் அவர்களைத் தேடி நகர்ந்து வந்தது. ஆளுக்கு ஒரு சின்ன வேலை. இந்த வரிசைக்குத்தான் லைன் என்று பெயர். காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்பு 12 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. லைன் வந்த பிறகு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது!

ஆனால் நாள் முழுவதும் ஒரே போல்ட்டை முடுக்கிக்கொண்டிருக்க யாருக்குப் பிடிக்கும்? ஆட்கள் ஓடினார்கள். சுமார் 14 ஆயிரம் பேரை வேலையில் வைத்திருக்க, 1913-ல் மட்டும் 50 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது! 1914-ல் போர்டு நாள் கூலியை 5 டாலர் வரை உயர்த்தினார். ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதன் பிறகுதான் ஆட்கள் நிலைத்தார்கள்.

கூலி உயர்ந்தது. ஆனால், 'லைன் நிற்கக் கூடாது' என்ற சட்டம் அப்படியே இருந்தது. எல்லாக் கார் கம்பெனிகளும் அதைப் பிடித்துக்கொண்டன.

பிரிமாண்டிலும் அதே கதைதான். போல்ட்டு கோணலா? போகட்டும். சாமான் மாறிவிட்டதா? போகட்டும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்! பிரேக் இல்லாத கார்கள் வந்தன. ஸ்டீரிங் இல்லாத கார்கள் வந்தன. எஞ்சினைத் திருப்பி வைத்த கார்கள்கூட வந்தன. அங்கே வேலை செய்தவர்களே பிற்காலத்தில் இதைச் சொன்னார்கள். கோளாறான கார்கள் வெளியே மைதானத்தில் வரிசையாக நின்றன. அவற்றைப் பிரித்துச் சரி செய்ய வேறு ஆட்கள்!

தப்பு என்று தெரிகிறது. கண்ணால் பார்க்கிறார். ஆனால் வாய் திறக்கக் கூடாது. ஒரு நாள் அப்படி இருக்கலாம். பத்து வருடம் அப்படி இருந்தால் மனிதன் என்ன ஆவான்? 'எனக்கென்ன!' என்று ஆகிவிடுவான்.

சோடாப் பாட்டில் கதவுக்குள் போனது அப்படித்தான்.

தறியில் பிறந்த யோசனை

இப்போது ஜப்பானுக்குப் போவோம். கயிறு அங்கிருந்துதான் வந்தது. அதன் மூலம் ஒரு தறி!

சாகிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். 1867-ல் பிறந்தவர். அவர் ஊரில் பெண்கள் வீட்டிலேயே கைத்தறி நெய்வார்கள். அவருடைய தாயாரும் நெய்வார். அந்தக் கஷ்டத்தைப் பார்த்து வளர்ந்தவர், நல்ல தறி செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தார்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் நெய்துகொண்டே போனால், துணி முழுவதும் பாழ். எந்திரத் தறியில் ஆபத்து இன்னும் அதிகம். நூல் அறுந்தது எந்திரத்துக்குத் தெரியாது. 'தடதட' என்று ஓடிக்கொண்டே இருக்கும். பாழான துணியைக் கஜக்கணக்கில் நெய்து தள்ளும்!

சாகிச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும்!

1924-ல் அவர் முழுத் தானியங்கித் தறியைச் செய்து முடித்தார். இங்கிலாந்தின் பெரிய எந்திரக் கம்பெனியான பிளாட் பிரதர்ஸ், 1929-ல் அதன் உரிமையை விலை கொடுத்து வாங்கியது. சாகிச்சியின் மகன் கீச்சிரோ பிறகு கார் செய்யத் தொடங்கினார். அதுதான் டொயோட்டா கார் கம்பெனி.

தறி போனாலும் தறியின் பாடம் போகவில்லை. 'கோளாறு வந்தால் உடனே நிறுத்து. அங்கேயே சரி செய். கெட்டதை அடுத்தவரிடம் தள்ளாதே.' இதுதான் பாடம்.

தறியை நிறுத்தியது எந்திரம். கார் ஆலையில் யார் நிறுத்துவது? வேலை செய்கிற தொழிலாளிதான். அதற்காகத்தான் அவர் தலைக்கு மேலே கயிறு கட்டினார்கள்!

பழைய ஆட்கள், புது நிர்வாகம்

1980-களின் தொடக்கத்தில் ஜப்பான் கார்கள் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டன. நல்ல சின்னக் கார் செய்வது எப்படி என்று ஜெனரல் மோட்டார்ஸ் தெரிந்துகொள்ள விரும்பியது. அமெரிக்காவில் ஆலை நடத்துவது எப்படி என்று டொயோட்டா தெரிந்துகொள்ள விரும்பியது. இரண்டும் கூட்டுச் சேர்ந்தன. மூடிக் கிடந்த பிரிமாண்ட் ஆலையை 1984-ல் திறந்தன.

புதுக் கம்பெனியின் பெயர் 'நம்மி'. நம் காதுக்கு 'நம்பி' என்று கேட்கிறது. கதைக்குப் பொருத்தமான பெயர்தான்!

வேலைக்கு யாரை எடுப்பது? 'பழைய ஆட்களா? வேண்டவே வேண்டாம்!' என்று எச்சரித்தவர்கள் உண்டு. தொழிற்சங்கம் விடவில்லை. டொயோட்டாவும் ஒப்புக்கொண்டது. ஆரம்பத்தில் சேர்ந்தவர்களில் 100-க்கு 85 பேர் பழைய ஆட்களே!

சாகிச்சியின் பேரன் தட்சுரோ டொயோடா புது ஆலைக்குத் தலைவர் ஆனார். நூற்றுக்கணக்கான தொழிலாளிகளையும் மேஸ்திரிகளையும் கம்பெனி ஜப்பானுக்கு அனுப்பியது. அங்கே டொயோட்டாவின் தக்காவோக்கா ஆலையில் அவர்கள் பயிற்சி பெற்றார்கள்.

அங்கே அவர்கள் ஓர் அதிசயத்தைப் பார்த்தார்கள். ஒருவர் வேலையில் பின்தங்கினார். கயிற்றை இழுத்தார். மணி அடித்தது. கூட்டத் தலைவர் வந்தார். கத்தவில்லை. குனிந்து, அவரும் கை கொடுத்தார். வேலை முடிந்தது. 'இதை இன்னும் சுலபமாகச் செய்ய வழி உண்டா?' என்பதுதான் அடுத்த பேச்சு!

பிரிமாண்டில் யாரும் அவர்களிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பயிற்சி முடிந்து விடைபெறும்போது பலர் கண்கலங்கினார்கள்.

என்ன மாறியது?

புது ஆலையில் மாறியவை பல.

அதிகாரிகளுக்குத் தனிச் சாப்பாட்டு அறை இல்லை. கார் நிறுத்தத் தனி இடம் இல்லை. எல்லோருக்கும் ஒரே இடம்.

பழைய ஆலையில் வேலைகள் எண்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிந்து கிடந்தன. 'அது என் வேலை இல்லை' என்று தட்டிக்கழிக்க அதுவே வசதி. புது ஆலையில் அவை மூன்று நான்கு வகையாகக் குறைந்தன. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு கூட்டம். கூட்டத்துக்கு ஒரு தலைவர். ஒருவர் வேலையை மற்றவர் கற்றுக்கொண்டு, மாறி மாறிச் செய்தார்கள்.

ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று முன்பெல்லாம் வெள்ளைச் சட்டைக்காரர் கடிகாரத்தோடு வந்து சொல்வார். இப்போது வேலை செய்கிற கூட்டமே சேர்ந்து யோசித்து எழுதியது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தலைக்கு மேலே கயிறு!

லைனையே நிறுத்தும் அதிகாரத்தை, நேற்று வரை 'உதவாக்கரை' என்று சொன்ன ஆளின் கையில் கொடுத்தார்கள். 'உன்னை நம்புகிறோம்' என்று ஆயிரம் முறை சொல்லலாம். அந்தக் கயிற்றைக் கொடுப்பதற்கு அது ஈடாகுமா?

பலன் என்ன? 100-க்கு 20 பேர் மட்டம் போட்ட இடத்தில், இரண்டு மூன்று பேர்தான் வராமல் இருந்தார்கள். இரண்டு வருடத்துக்குள், ஜப்பானில் செய்த காருக்குச் சமமான தரத்தில் கார் வந்தது. அதே ஆட்கள். அதே சங்கம். அதே ஊர். நிர்வாகம் மட்டும் வேறு!

ஜான் ஷூக் என்ற அமெரிக்கர் அப்போது டொயோட்டாவில் வேலை பார்த்தார். இந்தப் பயிற்சியில் பங்கு கொண்டவர். அவர் 2010-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முதலில் மனிதர்களின் மனத்தை மாற்ற வேண்டும், பிறகு நடத்தை மாறும் என்று நாம் நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறு என்பது அவர் கருத்து. செய்கிற முறையை மாற்றுங்கள், மனம் தானே பின்னால் வரும் என்கிறார். சொற்பொழிவு செய்து யாரும் பிரிமாண்ட்காரர்களை மாற்றவில்லை. கயிற்றை இழுத்தார்கள், உதவி வந்தது. மறுநாளும் இழுத்தார்கள், மறுநாளும் உதவி வந்தது. நம்பிக்கை அப்படித்தான் வளர்ந்தது.

சோதனை வந்தது

வியாபாரம் நன்றாக நடக்கும்போது எந்த முதலாளியும் இனிக்கப் பேசுவார். கஷ்டம் வரும்போதுதான் அவர் குணம் தெரியும்.

நம்மிக்கும் கஷ்டம் வந்தது. 1988-ல் கார் விற்பனை விழுந்துவிட்டது. ஆட்கள் பலருக்கு வேலை இல்லாத நிலை. பழைய நாளாக இருந்தால் மறுநாளே ஆட்குறைப்பு நோட்டீசு ஒட்டியிருப்பார்கள். தொழிலாளிகள் பயந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் கம்பெனி ஒருவரையும் நீக்கவில்லை! வேலை இல்லாத நேரத்தில் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஆலையைச் சீர்திருத்தும் வேலைகளைக் கொடுத்தது. ஆட்குறைப்பு என்று ஒன்று வருவதற்கு முன், மேலதிகாரிகளின் சம்பளத்தைத்தான் முதலில் குறைக்க வேண்டும் என்று சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது!

இதையும் கயிற்றோடு சேர்த்துப் பாருங்கள். 'இந்த வேலையை இரண்டு பேரே செய்யலாம்' என்று ஒரு தொழிலாளி யோசனை சொல்கிறார். அதனால் மூன்றாவது ஆளுக்கு வேலை போகும் என்றால், அடுத்த முறை அவர் வாயைத் திறப்பாரா? வேலைக்கு உறுதி இருந்தால்தான் யோசனை வரும்.

கயிறு மட்டும் போதாது

நம்மியைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய மற்ற ஆலைகளுக்கும் அதே முறையைக் கொண்டுபோகப் பார்த்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் வான்னைஸ் ஆலையில் முயன்றார்கள். எடுபடவில்லை. பழைய மேஸ்திரிகள் தங்கள் அதிகாரத்தை விடவில்லை. 'இது ஏதோ சூழ்ச்சி' என்று தொழிலாளிகள் பலரும் நம்ப மறுத்தார்கள். அந்த ஆலையை 1992-ல் மூடினார்கள்.

கயிறு வாங்கக் காசு அதிகம் ஆகாது. கட்டுவதும் ஒரு நாள் வேலை. ஆனால் இழுத்தவனை மேஸ்திரி முறைத்தால் அது வெறும் கயிறுதான். துணி உலர்த்தலாம்!

விமானத்தில் வாய் திறக்காவிட்டால்?

கார் ஆலையில் தொழிலாளி பேசாவிட்டால் கார் கெடும். விமானத்தில் பேசாவிட்டால் உயிர் போகும்.

1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரீப் தீவு. விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் நெதர்லாந்து நாட்டின் கே.எல்.எம். ஜம்போ விமானம் நின்றது. அதே ஓடுபாதையில், எதிரே, பான் அமெரிக்கன் கம்பெனியின் ஜம்போ விமானம் மெல்ல வந்துகொண்டிருந்தது. பனியில் ஒன்றுக்கு ஒன்று தெரியவில்லை.

கே.எல்.எம். தலைமை விமானி சாதாரண ஆள் அல்ல. மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். கம்பெனி விளம்பரத்தில் அவர் படம் வந்திருந்தது. அவர் விமானத்தைக் கிளப்ப ஆரம்பித்தார். புறப்பட அனுமதி இன்னும் வரவில்லை!

உள்ளே இருந்த விமான என்ஜினீயருக்குச் சந்தேகம். எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொல்லிவிட்டார்.

என்ஜினீயர் மேலே பேசவில்லை. இவ்வளவு பெரியவர் சொல்லும்போது எப்படிப் பேசுவது?

சில விநாடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டார்கள். விமான வரலாற்றில் அதைவிடப் பெரிய மோதல் நடந்ததில்லை.

அந்தத் தலைமை விமானி கெட்டவர் அல்ல. திறமை இல்லாதவரும் அல்ல. யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கும்போது பிடித்து நிறுத்த, பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் கயிறு இல்லை!

இதுபோன்ற விபத்துகளைப் பார்த்த பிறகு, விமானக் கம்பெனிகள் ஒரு புதுப் பயிற்சியைத் தொடங்கின. 1981-ல் அமெரிக்காவின் யுனைடெட் கம்பெனி அதை ஆரம்பித்தது. பிறகு உலகம் முழுவதும் பரவியது. அதில் துணை விமானிக்கு ஒரு பாடம்: தப்பைக் கண்டால் சொல், கேட்காவிட்டால் இன்னும் அழுத்திச் சொல். தலைமை விமானிக்கும் ஒரு பாடம்: சொன்னால் காது கொடு.

நல்ல வார்டில் அதிகத் தப்பு!

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள்.

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற பெண்மணி அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ஓர் ஆராய்ச்சி செய்தார். மருந்து மாற்றிக் கொடுப்பது, அளவு தவறுவது போன்ற தப்புகள் எந்த வார்டில் அதிகம் என்று கணக்கு எடுத்தார். ஒற்றுமையாக வேலை செய்யும் நர்சுகள் இருக்கும் வார்டில் தப்பு குறைவாக இருக்கும் என்றுதான் அவர் நினைத்தார்.

கணக்கு தலைகீழாக வந்தது! நல்ல தலைமை நர்சு இருந்த வார்டுகளில்தான் அதிகத் தப்புகள் பதிவாகி இருந்தன!

அவர் திகைத்துப் போனார். பிறகுதான் உண்மை புரிந்தது. நல்ல வார்டில் தப்பு நடந்தால் நர்சுகள் உடனே சொல்கிறார்கள். எழுதுகிறார்கள். அடுத்த முறை நடக்காமல் பார்க்கிறார்கள். தலைமை நர்சைக் கண்டு நடுங்கும் வார்டில், தப்பை மறைக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். ஏட்டில் தப்பே இருக்காது. படுக்கையில் இருக்கிற நோயாளிக்குத்தான் ஆபத்து!

எட்மண்ட்சன் பிற்காலத்தில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் பேராசிரியை ஆனார். 'பயமில்லாமல் பேச முடிகிற கூட்டமே சிறந்த கூட்டம்' என்பதுதான் அவர் ஆராய்ச்சியின் சாரம். 2012-ல் கூகுள் கம்பெனியும் தன்னிடம் உள்ள 180-க்கு மேற்பட்ட கூட்டங்களை ஆராய ஆரம்பித்தது. நல்ல கூட்டத்துக்கு முதல் காரணம் என்ன? பெரிய படிப்பாளிகள் கூடியிருப்பதா? அல்ல. பயமில்லாமல் பேச முடிவதுதான் என்று அங்கும் விடை வந்தது!

கொடுத்தவர்களுக்கும் சறுக்கல்

'ஆகா, டொயோட்டா தப்பே செய்யாத கம்பெனி' என்று நினைத்துவிட வேண்டாம்.

2009, 2010-ல் அந்தக் கம்பெனி லட்சக்கணக்கான கார்களைக் கோளாறு காரணமாகத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. கம்பெனித் தலைவர் அக்கியோ டொயோடா 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார். ஆட்களைத் தயார் செய்வதைவிட வேகமாகக் கம்பெனி வளர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். அவர் சாகிச்சியின் கொள்ளுப்பேரன்!

நம்மியின் முடிவும் சோகமானதே. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் ஆகி, கூட்டிலிருந்து விலகியது. டொயோட்டாவும் கைவிட்டது. 2010 ஏப்ரல் 1-ல் ஆலையை மூடினார்கள். சுமார் 4 ஆயிரத்து 700 பேருக்கு வேலை போயிற்று. நன்றாக உழைத்தவர்களுக்கு இதுவா பரிசு என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதே ஆண்டில் டெஸ்லா என்ற மின்சாரக் கார் கம்பெனி அந்த ஆலையை வாங்கியது.

நல்ல தலைமை இருந்தால் எல்லாம் என்றென்றும் நன்றாக நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று உறுதி. உதவாதவர்கள் என்று உலகம் தள்ளிய ஆட்கள், 25 வருடம் நல்ல கார் செய்தார்கள். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

உங்கள் கடையில், உங்கள் வீட்டில்

'எனக்கு ஆலையும் இல்லை, விமானமும் இல்லை. இதெல்லாம் எனக்கு எதற்கு?' என்று கேட்கிறீர்களா?

ஒரு ஜவுளிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பையன் ஜாக்கெட் துணியை அரை சாண் குறைத்துக் கிழித்துவிட்டான். முதலாளி கத்துகிறவராக இருந்தால், அவன் பேசாமல் மடித்துக் கட்டிக் கொடுத்துவிடுவான். துணி வாங்கிய அம்மாள் தையல்காரரிடம் போன பிறகுதான் சங்கதி தெரியும். பிறகு அந்த அம்மாள் அந்தக் கடைப் பக்கமே வரமாட்டார். ஏன் வரவில்லை என்பது முதலாளிக்குக் கடைசி வரை தெரியாது!

நான்கு ஆட்களுக்கு மேலே நீங்கள் ஒருவராக இருந்தால் இவற்றைச் செய்து பாருங்கள்:

ஒருவர் கெட்ட செய்தி கொண்டுவந்தால், முதலில், "சொன்னாயே, நல்லது" என்று சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசுங்கள்.

'யார் செய்தது?' என்று கேட்பதற்கு முன், 'எப்படி நடந்தது?' என்று கேளுங்கள்.

உங்கள் தப்பை நீங்களே முதலில் சொல்லுங்கள். மற்றவர்களுக்குத் துணிச்சல் தானே வரும்.

சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். ஒன்றையாவது மாற்றிக் காட்டுங்கள். இழுத்தும் மணி அடிக்காத கயிற்றை யாரும் இரண்டாம் முறை இழுக்க மாட்டார்கள்.

வேண்டுமென்றே ஏமாற்றுகிறவரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவரையும், கை தவறியவரையும் ஒரே தராசில் வைத்தால், நல்லவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். அடுப்படியில் 'சலீர்' என்று சத்தம். பிள்ளை ஓடி வந்து, "அம்மா, கண்ணாடி டம்ளர் உடைந்துவிட்டது" என்கிறதா? அல்லது, கண்ணாடித் துண்டுகளை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் நிற்கிறதா?

தள்ளிவிட்டால், இரவில் யாரோ ஒருவர் காலில் குத்தும்.

ஓடி வந்து சொன்னால், முதலில் பிள்ளையின் கையைப் பாருங்கள். காயம் இருக்கிறதா என்று பாருங்கள். துடைப்பத்தை எடுத்து இருவரும் சேர்ந்து கூட்டுங்கள். டம்ளர் போனால் போகட்டும்.

அந்தப் பிள்ளை நாளைக்கு இன்னும் பெரிய செய்தியையும் உங்களிடம்தான் முதலில் வந்து சொல்லும்.